பிரிட்ஜ் கேள்வி பதில்: ‘ஸ்டாண்டர்ட்’ என்றால் எது?

கேள்வி: பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் புது பார்ட்னரும் நானும் ‘ஸ்டாண்டர்ட் அமெரிக்கன்’ ஏல முறை என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தோம். நான் 1 ஸ்பேட், அவர் 2 டைமண்ட், நான் 2 ஸ்பேட், அவர் 2 நோ ட்ரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்). பெரிய சீட்டுக் கணக்கில் என்னிடம் 12 புள்ளிதான், பாஸ் சொன்னேன். அவர் கையில் 14. கேம் (போனஸ் தரும் ஏல அளவு) கைதவறிவிட்டது. தவறு யாருடையது?

பதில்: அவரவர் முறைப்படி இருவர் ஏலமும் சரிதான். பழைய ஸ்டாண்டர்டில் 2 டைமண்டுக்கு 10 புள்ளி போதும். பின்னால் வரும் 2 நோ ட்ரம்ப், 11-12 புள்ளியோடு ‘கேம் போகலாமா?’ என்று கேட்பது. குறைந்த கை என்றால் பாஸ் சொல்லலாம். ‘டூ ஓவர் ஒன்’ என்ற முறை ஆடுகிறவருக்கோ 2 டைமண்ட் சொன்னபோதே கேம் உறுதி. அதற்குக் கீழே யாரும் நிறுத்தக்கூடாது. இந்த இரண்டையுமே பலர் ‘ஸ்டாண்டர்ட்’ என்கிறார்கள். வினை அங்கேதான்.

டூ ஓவர் ஒன்னுக்கு மாறுவதென்றால் முழுதாக மாறுங்கள். 10, 11 புள்ளிக் கைகள், சில 12 கூட, இனி 1 நோ ட்ரம்ப் பதிலுக்குள் வந்துவிடும். ஆகவே 1 ஹார்ட், 1 ஸ்பேட் தொடங்கியவர் அந்த 1 நோ ட்ரம்புக்கு பாஸ் சொல்லக்கூடாது என்பதையும் சேர்த்தே பேசிக்கொள்ள வேண்டும். ஒரு சூட்டில் (இனத்தில்) ஐந்து, மற்றவற்றில் 3-3-2 என்று சீட்டுள்ள கையில் வேறு ஏலம் இல்லையென்றால், மூன்றே சீட்டு இருந்தாலும் கிளப்போ டைமண்டோ சொல்லிவிடுங்கள். பாஸ் சொன்னால் 14-ம் 12-ம் சேர்ந்த 26 புள்ளி அங்கேயே படுத்துவிடும். பார்ட்னர் முன்பே பாஸ் சொன்னவர் என்றால் இந்தக் கட்டாயங்கள் இல்லை.

கேள்வி: எங்கள் 1 நோ ட்ரம்புக்கு மேல் எதிராளி குறுக்கிட்டால் ஸ்டேமன் (நான்கு சீட்டு ஹார்ட்டோ ஸ்பேடோ உண்டா என்று 2 கிளப்பால் கேட்பது), டிரான்ஸ்ஃபர் (கையிலுள்ள சூட்டுக்குக் கீழுள்ள சூட்டைச் சொல்வது) செல்லுமா?

பதில்: பேசி வைத்திருந்தால் செல்லும். எளிய ஏற்பாடு இது: டபிளோ 2 கிளப்போ வந்தால் எல்லாம் பழையபடி, 2 கிளப்புக்கு மேல் நீங்கள் சொல்லும் டபிளே ஸ்டேமன். 2 டைமண்டோ அதற்கு மேலோ வந்தால் டிரான்ஸ்ஃபர் கிடையாது, சொன்ன சூட் கையில் இருக்க வேண்டும்.

மறதிதான் ஆபத்து. நீங்கள் நிஜ ஹார்ட்டை நினைத்து 2 ஹார்ட் சொல்கிறீர்கள். பார்ட்னர் அதை டிரான்ஸ்ஃபர் என்று எண்ணி ‘ஸ்பேட்’ என்று எதிராளிக்கு விளக்குகிறார். அந்த விளக்கத்தால் நினைவு வந்தாலும், அதை வைத்து ஏலத்தைத் திருத்துவது விதிமீறல். அது காதிலேயே விழாதது போலத் தொடருங்கள்.

கேள்வி: ஏஸ் எத்தனை என்று 4 நோ ட்ரம்பால் கேட்கும் பிளாக்வுட்டின் பதிலில் ஏன் இவ்வளவு குழப்பம்?

பதில்: பழைய முறையில் 5 ஸ்பேட் என்றால் மூன்று ஏஸ். ‘கீகார்ட்’ முறையில் அதே 5 ஸ்பேட், நான்கு ஏஸும் துருப்பு ராஜாவும் சேர்ந்த ஐந்தில் இரண்டு, கூடவே துருப்பு ராணி. 5 கிளப் ‘1430’ முறையில் ஒன்று அல்லது நான்கு. ‘3014’ முறையில் சைபர் அல்லது மூன்று. பேசப் பத்து நிமிடமே இருந்தால் இதைக் கடைசியில் வையுங்கள், ஸ்லாம் (13 பிடியில் 12-ஓ 13-ஓ எடுப்பதாகச் சொல்லும் ஏலம்) அடிக்கடி வராது. 1 நோ ட்ரம்ப் 15-17ஆ, பிரிட்டிஷ் ‘ஏகால்’ முறை போல 12-14ஆ என்பதை முதலில் கேளுங்கள்.