நூற்றொன்பது பந்தில் ஏழு ரன்

அன்புள்ள சார்,

2025 ஜூலையில் இங்கிலாந்துக்கு எதிராக ஓல்டு டிராஃபோர்டில் ஜடேஜாவும் வாஷிங்டன் சுந்தரும் ஆட்டத்தைக் காப்பாற்றியதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். இப்படி ஒரு டிரா பார்த்து எத்தனை நாளாயிற்று என்று முடித்திருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

இந்த விஷயத்தில் எனக்கும் என் தம்பிக்கும் 2021 சிட்னி டெஸ்டிலிருந்தே சண்டை. அன்று 407 ரன் இலக்கு. ரிஷப் பந்த் 118 பந்தில் 97 அடித்து ஆஸ்திரேலியாவை மிரட்டிவிட்டுப் போனார். புஜாரா அவுட் ஆனபோது 272க்கு 5. இன்னும் 135 ரன் வேண்டும், நாற்பது ஓவருக்கு மேல் கிடந்தது. ஓவருக்கு மூன்று ரன் சொச்சம்தான். ஆனால் விஹாரியும் அஸ்வினும் டொக்கு வைத்தே நாளைக் கழித்துவிட்டார்கள். தம்பி அதைக் கொண்டாடுகிறான். தோற்காததைக் கொண்டாடுவது, தோற்றுத் தோற்றுப் பழகிய காலத்தின் புத்தி என்பது என் கட்சி. கேப்டனாக ஸ்டோக்ஸும் பயிற்சியாளராக மெக்கல்லமும் வந்த பிறகு இங்கிலாந்து டிராவை நினைத்துப் பார்ப்பதே இல்லை என்கிறார்கள். அந்தத் துணிச்சல் நமக்கு ஏன் வரவில்லை? முடிவே இல்லாமல் கை குலுக்கிவிட்டுப் போவதற்கு ஐந்து நாள் எதற்கு?

கோபமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எம்., திண்டுக்கல்

அன்புள்ள எம்,

கோபமாக எழுதியதே நல்லது. ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு மாலையின் ஓவர் கணக்கு இன்னும் நினைவில் இருக்கிற ஆளோடுதான் இதைப் பேச முடியும்.

சிட்னி ஆட்டம் முடியும் முன்பே இந்தச் சண்டை தொடங்கிவிட்டது. அப்போதைய மத்திய இணை அமைச்சர் ஒருவர் ட்விட்டரில் எழுதினார்: 109 பந்தில் 7 ரன் எடுத்த ஹனுமா விஹாரி இந்தியாவின் வரலாற்று வெற்றியைக் கெடுத்ததோடு கிரிக்கெட்டையே கொன்றுவிட்டாராம். தூரத்திலாவது வெற்றியை ஒரு வாய்ப்பாக வைத்துக்கொள்ளாதது குற்றமாம். விஹாரியின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார். அதைத் திருத்தி எழுதியது மட்டும்தான் விஹாரியின் பதில்.

வெற்றியை வாய்ப்பாகக்கூட வைத்துக்கொள்ளாதது குற்றம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். சிட்னியில் அந்தக் குற்றம் நடக்கவில்லை என்பதுதான் என் வாதம்.

அந்தக் காலையை நினைத்துப் பாருங்கள். இரண்டு டெஸ்டுக்கு முன்னால்தான் அடிலெய்டில் 36 ரன்னுக்குச் சுருண்டிருந்தோம். கோலி ஊர் திரும்பிவிட்டார். ஷமி காயத்தில் வெளியே. கடைசி நாள் தொடக்கத்தில் 98க்கு 2, இரண்டாவது ஓவரிலேயே ரஹானே போய்விட்டார். டிராவுக்கு மட்டும் ஆடுவது என்று முடிவெடுத்திருந்தால் அடுத்து விஹாரியைத்தான் அனுப்பியிருப்பார்கள். முழங்கையில் அடிபட்டு முந்தைய நாள் கீப்பிங்கே செய்யாத ரிஷப் பந்த்தை அனுப்பினார்கள். ஒரு பக்கம் அவர் ஆஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் லயனைத் தூக்கி அடிக்க, மறுபக்கம் புஜாரா 205 பந்தில் 77. இருவரும் சேர்ந்து 148. ஜெயிக்கும் எண்ணம் இல்லாத அணி இப்படி ஆடுமா?

பிறகு கதவு மூடியது. மூடியது விஹாரி இல்லை, அவருடைய கால். ஒரு சிங்கிள் ஓடும்போது தொடைத்தசை பிடித்துக்கொண்டது. அதன் பிறகு அவரால் ஓட முடியவில்லை, நடப்பதே பெரும்பாடு. எதிரே நின்ற அஸ்வின் அன்று காலை நிமிர்ந்து நிற்க முடியாமல் எழுந்தவர். ஷூ லேஸ் கட்டக்கூடக் குனிய முடியவில்லை என்று அவர் மனைவி பிறகு எழுதினார். உள்ளே ஜடேஜா பெருவிரல் எலும்பு விலகிய நிலையில் பேட் கட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சைனி, பும்ரா, சிராஜ். ஓவருக்கு மூன்று ரன் என்பது கணக்கில் சின்ன எண். ஒன்றையும் இரண்டையும் ஓட முடியாதவர்களுக்கு அது பவுண்டரி மட்டுமே அடித்து எட்ட வேண்டிய எண்.

உள்ளேயிருந்து யார் யாருடைய பந்தை ஆட வேண்டும் என்று செய்தி சொல்லி ஷர்துல் தாக்கூரை அனுப்பினார்கள். வந்தவர், அங்கே என்னென்னவோ சொல்கிறார்கள், நான் எதையும் சொல்லப்போவதில்லை, நீங்கள் ஆடுவதையே ஆடுங்கள் என்கிற மாதிரி பேசிவிட்டுப் போனாராம். அஸ்வினே பிறகு தன் யூடியூப் சேனலில் இதைச் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. எந்தப் பந்தை அடிப்பது, எதை விடுவது என்று அந்த நேரத்தில் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அவர்கள் இருபத்திரண்டு கஜத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். ஸ்டம்ப் மைக்கில் அஸ்வினின் தமிழ் கேட்டுக்கொண்டே இருந்தது. விஹாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39. இருவரும் அவுட்டாகவே இல்லை. அன்று காலை நான் அலுவலகத்துக்குப் போன் செய்து விடுப்புச் சொன்னவன், இன்றுவரை அதற்காக வருந்தியதில்லை.

இப்போது உங்கள் கோபம் போய்ச்சேர வேண்டிய இடத்தைச் சொல்கிறேன். 2011 ஜூலை, டொமினிகாவின் ரூசோ. மேற்கிந்தியத் தீவுகளுடன் மூன்றாவது டெஸ்ட். தொடரில் 1-0 என்று முன்னால் இருக்கிறோம், டெஸ்ட் தரவரிசையில் முதலிடமும் நம்முடையது. கடைசி நாள் 47 ஓவரில் 180 ரன் வேண்டும். நம்மூர் முரளி விஜய் வேகமாக 45 அடித்துக் கொடுத்தார். 32 ஓவரில் 94க்கு 3. மிச்சம் 15 ஓவர், 86 ரன், கையில் ஏழு விக்கெட். டிராவிடும் லட்சுமணும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், கோலியும் தோனியும் இன்னும் இறங்கவே இல்லை.

கை குலுக்கிவிட்டு வந்துவிட்டார்கள்.

நம் ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. மழையோ, வெளிச்சக் குறைவோ என்று ஒரு நிமிடம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமில்லை. பிட்ச் மெதுவாக இருந்தது, பந்து பேட்டுக்கு வரவில்லை என்று பிறகு சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் ஐந்து ஓவர் அடித்துப் பார்த்து இரண்டு விக்கெட் போயிருந்தால்கூட மிச்சம் பத்து ஓவரைத் தடுத்து ஆட டிராவிட் என்ற மனிதர் அங்கே இருந்தார். ஏழு விக்கெட்டோடு தோற்றுவிடுவோம் என்ற பயத்துக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. டிரா கைக்குள் இருக்கும்போது, அதை விடாமலேயே வெற்றியைக் கேட்டுப் பார்க்க வழியிருக்கும்போது, கேட்காமல் எழுந்து வந்தது எனக்கு இன்றும் ஆறவில்லை. அமைச்சரின் வாக்கியம் ரூசோவுக்கு எழுதப்பட்டிருக்க வேண்டியது.

அதே ஆண்டு நவம்பரில், அதே எதிரணி, அதே கேப்டன் தோனி. மும்பை வான்கடேயில் 243 இலக்கு. கடைசிப் பந்தில் இரண்டு ரன் வேண்டும். முதல் இன்னிங்ஸில் சதம் அடித்திருந்த அஸ்வின் லாங் ஆன் பக்கம் அடித்துவிட்டு ஒரு ரன் ஓடினார், இரண்டாவதுக்குப் போகும்போது ரன் அவுட். 242க்கு 9, இரு அணியின் மொத்த ரன்னும் சமம், ஆட்டம் டிரா. அந்த இரண்டாவது ரன்னுக்கு இன்னும் வேகமாகத் திரும்பியிருக்கலாம் என்று அப்போது பலர் சொன்னார்கள், எனக்கும் அந்தக் குறை உண்டு. ஆனால் கடைசிப் பந்துவரை வெற்றியைக் கேட்டார்கள், தோல்வியையும் உள்ளே விடவில்லை. ஸ்கோர்கார்டில் ரூசோவுக்கும் வான்கடேவுக்கும் ஒரே சொல்தான் போட்டிருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று எந்த ரசிகனாலும் சொல்ல முடியாது.

தம்பியிடமும் ஒன்று சொல்ல வேண்டும். சிட்னியோடு நிறுத்தாமல் எட்டு நாள் தள்ளி பிரிஸ்பேனுக்கு வரச்சொல்லுங்கள். தொடர் 1-1. டிரா செய்தாலே பார்டர்-கவாஸ்கர் கோப்பை நம்மிடம் நிற்கும். 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்காத மைதானம், 328 இலக்கு. கோப்பை போதும், வம்பு வேண்டாம் என்று நினைக்க எல்லா நியாயமும் இருந்தது. தேநீர் இடைவேளையில் 183க்கு 3. 37 ஓவரில் 145 வேண்டும். கிட்டத்தட்ட சிட்னியில் நீங்கள் சொன்ன அதே கணக்கு. இந்த முறை கால் ஓடியது, ஜெயித்தோம். புஜாரா உடம்பெல்லாம் பந்து வாங்கி 211 பந்தில் 56 எடுத்துப் புதுப்பந்து வரை இழுத்துக்கொண்டு வந்ததால்தான் பந்துவுக்கு, மன்னியுங்கள், ரிஷப்புக்குக் கடைசியில் அடிக்க விக்கெட்டுகள் மிச்சமிருந்தன. அந்த 211 பந்துகளை வெற்றிக்கு ஆடினார் என்பீர்களா, டிராவுக்கு ஆடினார் என்பீர்களா? அவர் ஆடும்போது அவருக்கே அது தெரிந்திருக்கத் தேவையில்லை.

இங்கிலாந்தின் துணிச்சலை நானும் மதிக்கிறேன். 2022 டிசம்பரில் ராவல்பிண்டியில், செத்துப்போன பிட்ச்சில், பாகிஸ்தானுக்கு 343 இலக்கு வைத்து டிக்ளேர் செய்தார் ஸ்டோக்ஸ். தோற்கவும் துணிந்துதான் அந்த வெற்றியை எடுத்தார், வெளிச்சம் போகிற நேரத்தில் 74 ரன்னில். நமக்கு வரவில்லை என்பது மட்டும் சரியில்லை. 2024 கான்பூரில் வங்கதேசத்துடன் முதல் நாள் 35 ஓவரோடு போயிற்று, அடுத்த இரண்டு நாளும் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. ரோஹித் அணி 34.4 ஓவரில் 285 அடித்து டிக்ளேர் செய்து, ஏழு விக்கெட்டில் ஜெயித்தது.

ஓல்டு டிராஃபோர்டுக்கு வருகிறேன். 311 ரன் பின்தங்கி, ரன் கணக்கைத் திறக்கும் முன்பே முதல் ஓவரில் இரண்டு விக்கெட். ஜெயிக்க வழியே இல்லாத இடம் அது. ராகுல் 90, கில் 103, பிறகு ஜடேஜாவும் சுந்தரும் பிரியாமல் 203. கடைசி ஒரு மணி நேரத்தில் ஸ்டோக்ஸ் டிராவுக்குக் கை நீட்டியபோது ஜடேஜா 89, சுந்தர் 80. இருவரும் மறுத்தார்கள். சதத்துக்காக ஆடினார்கள் என்று குறை சொல்கிறவர்களுக்கு என் பதில்: நாள் முழுக்க ஓடி ஓடிப் பந்து போட்ட அணிக்குக் களைத்துப்போனதும் எழுந்து போக ஆசை வருகிறது, சம்மதிக்கவேண்டிய கட்டாயம் மட்டையாளருக்கு இல்லை. சுந்தருக்கு அது முதல் டெஸ்ட் சதம். தொடர் இங்கிலாந்து பக்கம் 2-1லேயே நின்றதால்தான் ஓவலுக்குப் போனபோது ஆட ஏதோ மிச்சமிருந்தது. அங்கே ஆகஸ்ட் 4ஆம் தேதி காலை இங்கிலாந்துக்கு 35 ரன், நமக்கு நான்கு விக்கெட் என்று இருந்த ஆட்டத்தை சிராஜ் ஆறு ரன்னில் வாங்கிக்கொடுத்தார்.

ஐந்து நாள் எதற்கு என்று கேட்டீர்கள். அடுத்த முறை தம்பியோடு உட்காரும்போது ஹைலைட்ஸ் வேண்டாம், சிட்னியின் கடைசி செஷனை முழுசாகப் போடுங்கள். விஹாரி ஒவ்வொரு பந்துக்கும் பிறகு காலை எப்படி வைக்கிறார் என்று மட்டும் பாருங்கள். பார்த்த பிறகும் அவர் அடித்திருக்க வேண்டும் என்று தோன்றினால் மறுபடி எழுதுங்கள்.