நாஜிகளுக்கு முன்பு மேற்கத்திய நாடுகளில் ஸ்வஸ்திகா அலங்காரச் சின்னமாக இருந்தது உண்மையா?

உண்மைதான். எனக்கு இது தெரியவந்ததே திருவல்லிக்கேணி நடைபாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய புத்தகக் குவியலில் சிவப்பு அட்டை போட்ட குட்டிப் புத்தகம் ஒன்று. அட்டையில் தங்க நிறத்தில் ஒரு வட்டம், அதற்குள் தும்பிக்கையில் தாமரை ஏந்திய யானை முகம், பக்கத்தில் பொடியாக ஒரு ஸ்வஸ்திகா. "ஹிட்லர் புக்கு சார், ரேர் ஐட்டம், முன்னூறு ரூபா" என்றார் கடைக்காரர். பிரித்தால் 'ஜங்கிள் புக்' எழுதிய ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கின் கதைகள்! 1919இல் லண்டனில் அச்சானது.

கிப்ளிங் 1865இல் பம்பாயில் பிறந்தவர். அப்பா அங்கே கலைப்பள்ளி ஆசிரியர். பிள்ளையாரும் ஸ்வஸ்திகாவும் அவருக்கு ஊர்ப் பழக்கம். நாஜிகள் தலையெடுத்ததும் புத்தகங்களிலிருந்து அதை எடுக்கச் சொல்லிவிட்டார்.

அதற்காக, "எல்லாமே நம்மிடமிருந்து போனது" என்று வரும் வாட்ஸப் பார்வர்டை அப்படியே நம்பிவிடாதீர்கள். 1870களில் ஜெர்மானியரான ஷ்லீமான், இன்றைய துருக்கியில் இருக்கும் பழங்கால ட்ராய் நகரைத் தோண்டியபோது நூல் நூற்கும் தக்களியின் மண் வில்லைகளில் இந்தக் குறி ஏராளமாகக் கிடைத்தது. ஐரோப்பாவில் இதன் மேல் மோகம் பிடித்ததற்கு அந்தத் தோண்டல் ஒரு பெரிய காரணம். கொஞ்ச காலத்திலேயே நாம் எலுமிச்சை மிளகாய் கட்டுவதுபோல அதிர்ஷ்டத்துக்கு இதைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். வாழ்த்து அட்டை, சட்டைப் பொத்தான், பீர் பாட்டில் எதையும் விடவில்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலை வாசலைத் தாங்கி நிற்கும் கருங்கல் யானைகளின் விலாவில் இன்றும் பார்க்கலாம், 1901இல் செதுக்கியது. கனடாவில் ஹாக்கி அணிகளுக்கே ஸ்வஸ்திகா என்று பேர் வைத்தார்கள். அமெரிக்காவின் 45ஆவது காலாட்படைப் பிரிவு சீருடைத் தோளில் சின்னமாக அணிந்திருந்ததும் இதுதான். ஆனால் அது அங்கே நவஹோ போன்ற பூர்வகுடிகளின் சொந்தச் சின்னம், நம்மிடம் கடன் வாங்கியதல்ல. 1940இல் நவஹோ, ஹோப்பி, அப்பாச்சி, பாபகோ மக்கள் கையெழுத்துப் போட்டு அதைக் கைவிட்டார்கள். எனக்கு மனசு கனத்த இடம் அது.

இன்னொன்று, "ஹிட்லர் திருப்பிப் போட்டான்" என்பதும் கதை. சௌகார்பேட்டைக் கடை வாசலில் இருப்பதும் வலப்பக்கம் திரும்பியதுதான்; நாஜிகள் அதைச் சாய்த்தார்கள், அவ்வளவே. அலங்காரம் ஒரு வழி, வெறுப்பு வேறு வழி என்று பிரிக்கவும் முடியாது. ட்ராயில் கிடைத்த அதே வில்லைகளைக் காட்டித்தான் இது 'ஆரிய முன்னோர் முத்திரை' என்று சில அறிஞர்கள் எழுதினார்கள். ஜெர்மன் தேசியவாதிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1920இல் நாஜிக் கட்சியின் கொடியில் ஏறியது.

"இது ஹிட்லர் கட்சிக்கு முந்தின புத்தகம்ணே" என்று கடைக்காரரிடம் சொன்னேன். "அப்போ இன்னும் பழசுன்னு சொல்லுங்க. அம்பது ரூபா சேத்துக் குடுங்க சார்" என்றார்.