பதிவுத் திருமணத்துக்குப் பின் திருச்சபைக்குத் திரும்ப

கத்தோலிக்கரான நீங்கள், ஞானஸ்நானம் பெறாத ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்து, பன்னிரண்டு வருடம் கோயிலுக்குப் போகாமல் இருந்துவிட்டு, இப்போது திரும்ப மீண்டும் ஞானஸ்நானம் பெற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது வாழ்நாளில் ஒருமுறைதான். பன்னிரண்டு வருடம் கோயில் பக்கமே போகாவிட்டாலும் அழியாது.

உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கத்தோலிக்கர் ஒருவர் ஆயரின் (பிஷப்) விதிவிலக்கு இல்லாமல் பதிவு அலுவலகத்தில் மட்டும் செய்துகொண்ட திருமணத்தைத் திருச்சபை செல்லுபடியானதாக ஏற்பதில்லை. பலர் நேரே பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவ அறிக்கை செய்ய) போய், "முதலில் திருமணத்தைச் சரிசெய்யுங்கள்" என்ற பதிலோடு மனம் நொந்து திரும்புகிறார்கள். எனவே முதலில் உங்கள் பகுதிக் கோயிலின் பங்குத்தந்தையைத் தனியாகச் சந்தியுங்கள்.

ஞானஸ்நானம் பெற்ற பங்குக் கோயிலிலிருந்து புதிய சான்றிதழ் வாங்குங்கள். வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழையது போதாது; ஆறு மாதத்துக்குள் எடுத்ததைத்தான் வழக்கமாகக் கேட்பார்கள், ஞானஸ்நானத்துக்குப் பிந்தைய திருமணம் போன்ற குறிப்புகளும் அதில் வரும் என்பதால். கணவர் ஞானஸ்நானம் பெறாதவர் என்பதால் ஆயரின் விதிவிலக்கு தேவை. அவர் மதம் மாற வேண்டியதில்லை. பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க இயன்றதைச் செய்வேன் என்ற வாக்குறுதி உங்களுடையது. அவருக்குத் தெரிவித்தால் போதும்.

திருமணத்தைச் சரிசெய்ய வழக்கமாக இருவரும் கோயிலில் மறுபடி சம்மதம் சொல்வீர்கள். அவர் அதற்கு மறுத்தால், முன்பு தந்த சம்மதம் நீடிக்கும்வரை, சடங்கே இல்லாமல் ஆயர் சரிசெய்யும் வழியும் உண்டு (திருச்சபைச் சட்டம் 1161). இதைக் கேட்டுப் பெறுங்கள், பலரும் தாமாகச் சொல்வதில்லை. இருவரில் யாருக்காவது முந்தைய திருமணம் இருந்தால் மட்டும் மறைமாவட்டத் தீர்ப்பாயம் (ஆயரின் கீழுள்ள திருச்சபை நீதிமன்றம்) வரை போக நேரலாம். அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.