சட்டம் யார் கையைக் கட்டுகிறது?

கேள்வி: எனக்கு இந்த 2026ஆம் ஆண்டில் 55 வயது ஆகிறது. முப்பது வருடமாகக் கிடங்கில் வேலை. மசேநி (மத்திய சேமநிதி) பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கலாம் என்று பார்த்தால், ஓய்வு வயதை 64, 65 என்று ஏற்றிக்கொண்டே போகிறார்கள். வீட்டில் விளக்கையாவது நம் இஷ்டத்துக்குப் போடலாம் என்றால் குண்டு பல்பு கடையில் கிடையாது. எல்இடி கண்ணைக் குத்துகிறது, ஆனாலும் பேப்பர் படிக்க வெளிச்சம் போதவில்லை. எங்கள் புளோக் மாடிப்படி விளக்கு பாதி வெளிச்சத்தில் தூங்குகிறது. ஒரு மனிதன் எப்போது வேலையை நிறுத்துவது, எந்த விளக்கில் படிப்பது என்பதைக்கூட அரசாங்கமா முடிவு செய்வது?
— வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: இரண்டையும் அரசாங்கம் முடிவு செய்யவில்லை. உங்கள் கோபத்தில் நியாயமான பகுதி ஒன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன். ஆனால் சட்டம் சொல்லாததை அதன் தலையில் கட்டவேண்டாம்.

ஓய்வு வயது 2022 ஜூலையில் 63 ஆனது. 2026 ஜூலை 1 முதல் 64. 2030க்குள் 65. இந்த எண் கட்டுப்படுத்துவது உங்களை அல்ல, உங்கள் முதலாளியை. அந்த வயது வரும்வரை, வயதாகிவிட்டது என்ற காரணத்தைச் சொல்லி அவர் உங்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அதற்குப் பிறகும் உடல்நலமும் வேலைத்திறனும் சரியாக இருந்தால் மறுவேலைவாய்ப்பு தர முன்வர வேண்டும். மறுவேலைவாய்ப்புக்கான வயது வரம்பும் 2026 ஜூலை 1 முதல் 68இலிருந்து 69. நீங்கள் நாளைக்கே ராஜினாமா கடிதம் கொடுத்து, முன்னறிவிப்புக் காலம் முடிந்ததும் வீட்டில் உட்காரலாம். யாரும் தடுக்க முடியாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. “வயதை ஏற்றிவிட்டார்கள், இனி 65 வரை உழைத்துச் சாகணும்” என்று கோப்பிக் கடையில் பேசிப் பேசி, அது ஒரு பாதுகாப்பு என்பதே நம் ஆட்களுக்கு மறந்துவிட்டது. அப்புறம் 61 வயதில் மேலாளர் கூப்பிட்டு, “நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் நல்லது” என்று தாளை நீட்டினால், படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். போடாதீர்கள். மனிதவள அமைச்சுக்கோ, தொழிற்சங்கத்துக்கோ போய்க் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சரி, உங்களை உண்மையில் கட்டிப்போடுவது எது? பணம். 55 வயதில் மசேநி முழுவதும் கைக்கு வரும் என்று நீங்கள் நினைப்பதாகக் கேள்வியிலிருந்து தெரிகிறது. வராது. அன்று மசேநியில் உள்ள உங்கள் சிறப்புக் கணக்கிலிருந்தும், போதாவிட்டால் சாதாரணக் கணக்கிலிருந்தும் எடுத்து, ஓய்வுக்காலக் கணக்கில் முழு ஓய்வுக்காலத் தொகை ஒதுக்கப்படும். 2026இல் 55 வயதாகிறவர்களுக்கு அது 220,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதற்கு மேல் இருப்பதை எடுக்கலாம். இருப்பு அந்த அளவைத் தொடாவிட்டாலும் 5,000 வெள்ளி வரை எடுக்க முடியும். 95 வயது வரை குத்தகை நீளும் சொந்த வீடு இருந்தால், பாதித் தொகையான 110,200 வெள்ளியை மட்டும் விட்டுவைக்கவும் வழி உண்டு. ஆனால் மாதாமாதம் வருவதும் அதற்கேற்பக் குறைந்துவிடும். அந்த மாதப் பணமும் 65 வயதுக்கு முன்னால் தொடங்காது.

55க்கும் 65க்கும் நடுவே பத்து வருடம். வீட்டுச் செலவு மாதம் 2,000 வெள்ளி என்று வைத்தாலே 240,000 வெள்ளி வேண்டும், விலைவாசி ஒரு காசுகூட ஏறாது என்றால். சம்பளம் நின்றால் நீங்கள் போடும் பங்கோடு முதலாளி போடும் பங்கும் நின்றுவிடும். முப்பது வருடம் பெட்டி தூக்கிய முதுகு ஓய்வு கேட்பது சோம்பேறித்தனம் இல்லை. அது உங்கள் உரிமை. ஆனால் உங்கள் மசேநி அறிக்கையை மேசையில் விரித்து, மனைவியோடு உட்கார்ந்து அந்தப் பத்து வருடக் கணக்கைப் போடாமல் கடிதம் எழுதாதீர்கள். கணக்கு இடித்தால், கிடங்கிலேயே பளு தூக்காத வேலையோ பகுதிநேரமோ கேட்டுப் பாருங்கள். ஐந்து வருடம் பாதிச் சம்பளம் வந்தாலும் அந்தப் பள்ளத்தில் ஒரு பகுதி தூர்ந்துவிடும்.

விளக்குக்கு வருவோம். இங்கேயும் அதே குழப்பம்தான். விளக்குகளுக்கான குறைந்தபட்ச மின்சிக்கன விதி 2015இல் வந்தது, பிறகு இறுகியது. குண்டு பல்பும் ஹாலஜனும் கடைகளிலிருந்து போனது அதனால்தான். விதி இறக்குமதியாளருக்கும் விற்பவருக்கும்தான். உங்கள் வீட்டில் எரியும் பழைய பல்பைக் கழற்றச் சொல்லி யாரும் கதவைத் தட்டப் போவதில்லை. டியூப் லைட்டின் கதை வேறு: உள்ளே பாதரசம் இருப்பதால், அதன் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்துவதென்று பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் முடிவு செய்தன.

கண் குத்துவது எல்இடியின் குற்றம் இல்லை, வாங்கிய நிறத்தின் குற்றம். 6500 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருந்தால் அது நீலம் கலந்த வெள்ளை. குண்டு பல்பு மாதிரி மஞ்சள் வேண்டுமானால் 2700 அல்லது 3000 போட்டதை எடுங்கள். வெளிச்சம் போதவில்லை என்றால் வாட்டைப் பார்க்காமல், வெளிச்சத்தின் அளவான லூமனைப் பாருங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்தது ஏறத்தாழ 800 லூமன். 8, 9 வாட் எல்இடி அதைத் தந்துவிடும். நம் வயதில் கண்ணின் வில்லை மஞ்சளேறிப் போவதால் இளைஞர்களைவிடக் கூடுதல் வெளிச்சம் தேவைப்படுகிறது. கூடத்து விளக்கோடு போராடாமல், நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு மேசை விளக்கு வையுங்கள். அரசாங்கம் தரும் பருவநிலைப் பற்றுச்சீட்டில் எல்இடி விளக்கும் வாங்கலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு மொத்தம் 400 வெள்ளி, 2027 முடியும்வரை செல்லும்.

டியூப் லைட்டை எல்இடி குழலாக மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். விளக்கின் சட்டகத்துக்குள் பழைய சோக்கு அப்படியே இருந்தால் அது தன் பங்குக்குக் கரண்டு தின்றுகொண்டிருக்கும். சோக்கைக் கழற்றி வயரை மாற்றும் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள், நீங்களே ஏணி ஏறாதீர்கள். மூன்று டியூபை மாற்றினால், தினம் ஐந்து மணி நேரக் கணக்குக்கு மாதம் 3 வெள்ளி போல மிச்சமாகும். பெரிய தொகை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மின்கட்டணத்தில் கை வைக்க வேண்டிய இடம் படுக்கையறை ஏர்கான்தான்.

மாடிப்படி விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். ஆள் வந்தால் பிரகாசமாகவும் இல்லாதபோது மங்கலாகவும் எரியும் உணர்கருவி விளக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் கைத்தடியோடு மெதுவாக இறங்கும் பாட்டி மூன்று படி தாண்டிய பிறகுதான் அது விழிக்கிறது என்றால், மின்சாரம் மிச்சமாகி இடுப்பெலும்பு முறியும். மூத்தோர் நிறைந்த புளோக்கில் அந்த நேரத்தையும் குறைந்தபட்ச வெளிச்சத்தையும் திருத்தி அமைப்பது பராமரிப்பாளர்களின் கடமை. எந்தப் புளோக், எந்த மாடி, இரவு எத்தனை மணி என்று குறித்து, கைப்பேசியில் படம் எடுத்து நகர மன்றத்துக்கு எழுதுங்கள். நகலை எங்களுக்கும் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் இந்தப் பக்கத்திலேயே நான் கேட்கிறேன்.