பாலுண்ணி இருந்த குழந்தைக்குத் திடீரென்று கை கால் முழுக்கச் சிவப்புப் பருக்கள் வந்தால் பயப்பட வேண்டுமா?

உங்கள் பிள்ளைக்கும் நாலைந்து வயதுதான் இருக்கும், வீட்டில் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித் தவித்தவள்தான்.

என் மகளுக்கு 5 வயதில் அக்குளிலும் தொடையிலும் பாலுண்ணி வந்தது. வெந்த ஜவ்வரிசி மாதிரி பளபளவென்று, நடுவில் ஊசியால் குத்தினாற்போல் ஒரு குழி. தானாகப் போய்விடும், கிள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதால் விட்டுவிட்டோம். 4 மாதம் கழித்து அதில் சில சிவந்து வீங்கின. மூன்றாம் நாள் குளிப்பாட்டும்போது பார்க்கிறேன், முழங்கை, முழங்கால், பிட்டம் எங்கும் சிவப்புச் சிவப்பாகப் பருக்கள். அரிப்புத் தாங்காமல் கதவு நிலையில் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

மாமியார் அம்மை என்று பயந்து வேப்பிலை செருகிவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் நெஞ்சிலும் முதுகிலும் ஒன்றுகூட இல்லை. சின்னம்மை என்றால் அங்கேதான் அதிகம் இருக்கும். தோல் டாக்டரும் முதலில் சட்டையைத் தூக்கி அதைத்தான் பார்த்தார். காய்ச்சல் உண்டா, கண் மஞ்சளாக இருந்ததா என்று கேட்டார். அப்புறம், ஜியானோட்டி க்ரோஸ்டி என்று ஒரு நோய் உண்டு, இது அதைப் போன்றது என்றார். 1955இல் ஜியானோட்டி என்ற இத்தாலிய மருத்துவர் முதலில் எழுதியதாம். வைரஸ் தொற்றை ஒட்டி வருவது. பாலுண்ணியும் வைரஸ்தான்; மாதக்கணக்கில் உடம்பின் கண்ணில் படாமல் கிடக்கும். உடம்பு அதைக் கண்டுகொண்டு எதிர்க்கத் தொடங்கும்போது சில பிள்ளைகளுக்கு இப்படிப் பொங்கிவிடுகிறது. பாலுண்ணி போகப்போகிறது என்பதற்கு அடையாளமே இது என்றார். அரிப்புக்கு ஒரு சிரப், தடவ லோஷன், அவ்வளவுதான். 6 வாரத்தில் பருக்கள் அடங்கின, பாலுண்ணியும் காணாமல் போனது.

நான் டாக்டர் இல்லை. என் பிள்ளைக்கு நடந்ததைச் சொல்கிறேன், இதை வைத்து வீட்டிலேயே முடிவு செய்யாதீர்கள். மருந்துக்கடையில் கேட்டுப் படர்தாமரைக் க்ரீம் வாங்கிப் பூசவும் வேண்டாம், பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். கரப்பான் என்கிற எக்ஸிமா தோல் நோய் உள்ள பிள்ளைக்குக் காய்ச்சலோடு வலிக்கிற நீர்க்கொப்புளங்கள் கொத்தாக வந்தால் அது வேறு விஷயம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த 6 வாரத்துக்குள் ஒரு கல்யாணம். "பிள்ளைக்கு என்ன கொடுத்தே, கத்தரிக்காயா கருவாடா?" என்று பந்தியில் எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அவள் அப்பாவை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை. மகள் தோலில் இப்போது ஒரு தழும்பும் இல்லை, எனக்குத்தான் அது இன்னும் ஆறவில்லை.