எம்டிபி வண்டில ஆபீஸ் போறேன், பாக்கவும் நல்லா இருக்கணும்: எத மாத்தலாம், எத மாத்தக்கூடாது?

கேள்வி: அண்ணா, குரோம்பேட்டைல இருந்து கிண்டிக்கு தினமும் சைக்கிள்லதான் ஆபீஸ் போறேன். உயரம் 168 செ.மீ., எடை 74 கிலோ. செகண்ட் ஹேண்ட்ல வாங்குன 26 இன்ச் எம்டிபி (மலை சைக்கிள்) மாடல், முன்னாடி ஷாக், மூணுக்கு ஏழு கியர், வி-பிரேக், கட்டகட்டயா பட்டன் வச்ச டயர். போட்டோ போட்டா ஃப்ரெண்ட்ஸ் கிண்டல் பண்றாங்க. ஹேண்டில இறக்கி, ஒல்லியா ரேஸ் சீட்டு போட்டு, மட்கார்டு கேரியர கழட்டிட்டா செம லுக்கா இருக்கும்னு சொல்றாங்க. ஆனா இப்பவே முட்டி முன்பக்கம் வலிக்குது, கை மரத்துப்போகுது. வீட்ல தாத்தாவோட பழைய ஹெர்குலிஸ் ஒண்ணு சும்மா நிக்குது. எத என்ன பண்ணலாம்?

பதில்:

தம்பி, போட்டோவப் பாத்தேன். உங்க வண்டி அசிங்கமா ஒண்ணும் இல்ல, ஆனா ஏதோ பொருந்தாம நிக்குதுன்னு கண்ணுக்குப் படுது இல்ல, அதுக்குக் காரணம் உங்க ஃப்ரெண்ட்ஸ் சொல்றது இல்ல.

சைக்கிள் போட்டோ போடுறவங்களுக்குள்ள எழுதாத சட்டம் சிலது இருக்கு. செயின் இருக்கற பக்கத்துல இருந்து எடுக்கணும், ரெண்டு வால்வும் நேர் கீழ நிக்கணும், டயர்ல இருக்கற பேரு வால்வுக்கு நேரா வரணும், ஹேண்டில் சீட்ட விட கீழ இருக்கணும், ஸ்டாண்டு மட்கார்டுன்னு எதுவும் கண்ணுல படக்கூடாது. இதுல அந்த டயர் பேரு விஷயத்துக்கு மட்டும் நெஜமாவே உபயோகம் உண்டு, ட்யூப்ல ஓட்டை எங்கன்னு தெரிஞ்சதும் டயர்ல முள்ளு எந்த எடத்துல குத்தி நிக்குதுன்னு வால்வ வச்சே கண்டுபிடிச்சிரலாம். மத்ததெல்லாம் ரேஸ் வண்டிக்கான அழகு. ரேஸ் ஓட்டுறவன் பெடல ஓங்கி மிதிக்கறான், அந்த மிதியே அவன் மேலுடம்ப பாதி தாங்கிடுது, அதனால குனிஞ்சாலும் கைல பாரம் பெருசா விழாது. நீங்க ஜிஎஸ்டி ரோட்டுல சிக்னலுக்கு சிக்னல் நின்னு, சட்ட கசங்காமப் போய் சேரணும்னு ஓட்டுறீங்க, அந்த மிதியில ஹேண்டில இன்னும் இறக்குனா மொத்த பாரமும் உள்ளங்கைலதான் வந்து உக்காரும். ஏற்கனவே மரத்துப்போற கை அப்புறம் என்ன ஆகும்னு நான் சொல்லணுமா.

அதனால டெய்லி ஓட்டுற வண்டிய நான் பாக்கற விதம் வேற. சீட்டு, ஹேண்டில், பெடல் இந்த மூணும் ஒரே மாதிரி உக்காந்து ஓட்டுறதுக்குத்தானா செட் பண்ணியிருக்குன்னு பாப்பேன். நிமிந்து உக்காரற வண்டின்னா ஹேண்டில் உசரமா, நம்ம பக்கம் வளைஞ்சு வரும், சீட்டு அகலமா ஸ்பிரிங் வச்சிருக்கும். குனிஞ்சு ஓட்டுறதுன்னா ஹேண்டில் நேரா, தூரமா, சீட்டு ஒடுக்கமா இருக்கும். ஒண்ணோட சீட்டு இன்னொண்ணோட ஹேண்டில்னு கலந்தாதான் பாக்கவும் அசிங்கம், ஓட்டவும் வலி. உங்க வண்டில அதுதான் நடந்திருக்கு, சீட்டு ரொம்பக் கீழ, மூக்கு தரையப் பாத்து சாஞ்சிருக்கு, ஹேண்டிலோ மேலயும் தூரத்துலயும் இருக்கு.

சீட்டுல இருந்து ஆரம்பிங்க, இதுக்கு பத்து பைசா செலவில்ல. நம்ம ஊர்க் கடைல சீட்டு வைக்கும்போது ரெண்டு காலும் தரைல பதியுதான்னுதான் பாப்பாங்க, வாங்கறவரும் அதையே கேப்பாரு, அப்படி வச்ச சீட்டு கிட்டத்தட்ட எல்லாருக்குமே ரொம்பக் கீழ இருக்கும். முட்டி எப்பவும் மடங்கியே மிதிச்சா முட்டிச்சில்லுக்குப் பின்னாடி அழுத்தம் ஏறும், உங்க முன்பக்க வலிக்கு முதல் சந்தேகம் அதுமேலதான். சரியான உசரத்துக்கு சுலபமான வழி: சீட்டுல உக்காந்து சுவத்தப் புடிச்சுக்கிட்டு, பெடல் அடியில இருக்கும்போது குதிகாலை அதுல வைங்க, கால் அப்படியே நேரா நீளணும், இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. அப்புறம் வழக்கம்போல முன்பாதத்துல மிதிச்சா முட்டி லேசா மடங்கி நிக்கும், அதான் அளவு. டேப் வச்சுத்தான் பாப்பேன்னா, வெறுங்கால்ல சுவத்தோரம் நின்னு தொடை நடுவுல ஒரு புக்க நல்லா மேல அழுத்தி தரைக்கு அளவெடுங்க, அத 0.883-ஆல பெருக்குங்க, கிராங்க் (பெடல் மாட்டியிருக்கற கை) சுத்துற நடு அச்சுல இருந்து சீட்டு மேல்பக்கம் வரைக்கும் அதுதான் உசரம். டூர் டி ஃபிரான்ஸ் மூணு தடவ ஜெயிச்ச கிரெக் லெமாண்ட் பேர்ல பிரபலமான கணக்கு இது. உங்களுக்கு உள்கால் அளவு 78 வந்தா 69 செ.மீ. கிட்ட வரும், போட்டோல பாக்கறதுக்கு இப்ப 60-ஐத் தாண்டுன மாதிரியே தெரியல.

சிக்னல்ல எப்படி நிக்கறதுன்னு கேப்பீங்க. சீட்டுல உக்காந்துக்கிட்டே நிக்கவேண்டாம், பிரேக் புடிக்கும்போதே சீட்ட விட்டு முன்னாடி இறங்கி ஒரு கால ஊனுங்க, இன்னொரு கால் பெடல்ல மேல நிக்கட்டும், பச்ச விழுந்ததும் அத மிதிச்சா அந்த ஒரே மிதியில வண்டியும் நகரும் நீங்களும் சீட்டுக்கு ஏறிடுவீங்க. முதல் ரெண்டு நாள் பயமா இருக்கும், அதனால ஒரே நாள்ல ஏத்தாம ஒவ்வொரு செ.மீ.யா ஏத்துங்க. சீட்டுக் கம்பில கோடு போட்டிருப்பாங்க, அந்தக் கோடு வெளிய தெரியற அளவுக்கு இழுக்கவே கூடாது, கம்பி ஒடியும், ஃபிரேமும் கிழியும். பத்தலன்னா நீளக் கம்பி கிடைக்கும், பழச கழட்டி எடுத்துட்டுப் போய் அதே சுத்தளவு வாங்குங்க. கழட்டுனதுதான் கழட்டுனீங்க, கிரீஸ் தடவி மாட்டுங்க, மெட்ராஸ் உப்புக்காத்துல அப்படியே விட்டா ஃபிரேமோட புடிச்சுக்கும்.

அடுத்தது சீட்டோட மூக்கு. முன்னாடி சாஞ்சிருந்தா ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு வழுக்கி முன்ன வரும், அதத் தடுக்க கை தள்ளிக்கிட்டே இருக்கும், சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போறது இதனாலதான். போன்ல இருக்கற ரசமட்டம் ஆப்ப சீட்டு மேல வச்சு மட்டமாக்குங்க. இது ஒண்ணு செஞ்சாலே வண்டியோட பக்கவாட்டு தோற்றமே மாறிடும் பாருங்க. சீட்டு ஏறுனதும் ஹேண்டில் தானா அதோட மட்டத்துக்கு வந்துரும், சீட்டுக்கு சமமாவோ ரெண்டு மூணு செ.மீ. மேலயோ இருந்தா ஆபீஸ் போறதுக்கு அது போதும், அதுக்குக் கீழ இறக்காதீங்க. பிரேக் லீவர கைய நேரா நீட்டுனா முழங்கைல இருந்து விரல் வரைக்கும் ஒரே கோடா வர்ற மாதிரி சாச்சு வைங்க, ரெண்டு பக்கமும் ஒரே கோணத்துல. உங்க ஹேண்டில் தோள விட ரொம்ப அகலமா இருந்தா பக்கத்துக்கு ரெண்டு செ.மீ. அறுத்துக்கலாம், ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல போறப்போ அந்த ரெண்டு செ.மீ. பெரிய விஷயம், ஆனா கியர் மாத்துறதும் பிரேக்கும் உக்கார எடம் இருக்கான்னு பாத்துட்டு அறுங்க.

காசு போடுறதுன்னா டயர்ல போடுங்க. பட்டன் டயர் மண்ணுக்கானது, தார் ரோட்டுல அது ஊளையிட்டுக்கிட்டு உங்க பலத்தத் தின்னும், மழைல வளைவுல வழுவழு டயர விட மோசமா வழுக்கும். 26 × 1.75 அளவுல மொழுக்க டயர் கேளுங்க. இங்கதான் ஜாக்கிரதை, நம்ம ஊர்ல 26-ன்னு சொன்னா ரெண்டு மூணு தினுசு இருக்கு. பழைய பிஎஸ்ஏ எஸ்எல்ஆர் வண்டிக்கு வர்ற 26 × 1 3/8 உங்க ரிம்முல ஏறவே ஏறாது, பேரு ஒண்ணா இருந்தாலும் ரிம் விட்டம் 31 மி.மீ. வித்தியாசம். டயர் பக்கவாட்டுல சின்னதா ஒரு நம்பர் இருக்கும், உங்களுக்கு வேண்டியது 47-559, அதாவது டயர் அகலம் 47 மி.மீ., ரிம் விட்டம் 559 மி.மீ. 37-590-ன்னு இருந்தா அது எஸ்எல்ஆர், 40-635-ன்னு இருந்தா அது தாத்தா வண்டியோட 28 இன்ச், 622-ன்னு இருந்தா ஹைபிரிடுக்கும் 29-க்கும் உள்ளது. கடைக்காரர் சும்மா ஏறும் சார்னு சொன்னாலும் கடைசி மூணு நம்பரப் பாக்காம காசக் குடுக்காதீங்க.

காத்து உங்க எடைக்கு பின்னாடி 45, முன்னாடி 40 பிஎஸ்ஐ வச்சு ஆரம்பிங்க, டயர்ல போட்டிருக்கற அதிகபட்ச அளவத் தாண்ட வேண்டாம். கல்லு மாதிரி அடிச்சா வேகம் வரும்னு நெனைக்கறாங்க, குண்டு குழி ரோட்டுல வண்டி துள்ளித் துள்ளி அந்த பலமும் வீணாத்தான் போகும். வாரம் ஒரு தடவ பாத்தா போதும்.

ஷாக் பத்தி சுருக்கமா சொல்றேன். இந்த விலைல வர்ற ஷாக் உள்ள வெறும் ஸ்பிரிங்தான், ஷாக் இல்லாத சாதா ஃபோர்க்க (முன்வீலப் புடிச்சிருக்கற கவை) விட ஒரு கிலோவுக்கு மேல வெயிட்டு, சென்னை ரோட்டுக்கு அந்த 47 மி.மீ. டயரே மெத்தை. ஆனா அதுக்காக இப்பவே கழட்டிப் போட்டு ஃபோர்க் மாத்தாதீங்க, உசரம் குறைஞ்ச ஃபோர்க் போட்டா முன்பக்கம் தாழ்ந்து மொத்த அளவும் மறுபடி மாறும். பின்னாடியும் மோனோஷாக் வச்ச வண்டியா இருந்தா வித்துருங்கன்னு சொல்லியிருப்பேன், நல்லவேளை உங்களுது அது இல்ல.

முட்டி வலிக்கு இன்னொரு காரணம் கியரா இருக்கலாம். முன்னாடி பெருசு பின்னாடி சின்னது போட்டு முக்கி முக்கி மிதிக்கறவங்கதான் அதிகம். உங்க மாதிரி வண்டில முன்னாடி வழக்கமா 42, 34, 24 பல்லு, பின்னாடி 14-ல இருந்து 28 வரை. நடு 34-லயே விட்ருங்க, பின்னாடி 16 போட்டு நிமிஷத்துக்கு 75 சுத்து சுத்துனா கிட்டத்தட்ட 20 கி.மீ. வேகம் வந்துரும், பல்லாவரம் மேம்பாலம் ஏறும்போது பின்னாடி ரெண்டு பல்சக்கரம் பெருசாக்குனா போதும். வேகமா சுத்தணும், அழுத்தி மிதிக்கக்கூடாது.

இப்ப மட்கார்டும் கேரியரும். தயவுசெஞ்சு கழட்டாதீங்க! ஐப்பசி கார்த்திகைல அந்த ரோட்டுத் தண்ணில என்னென்ன கலந்திருக்கும்னு உங்களுக்கே தெரியும், அது முதுகுல கோடு போடறத விட மட்கார்டோட போட்டோல நிக்கறது மேல். அசிங்கமா தெரியறது மட்கார்டு இல்ல, உங்க வண்டில இருக்கற மாதிரி டயருக்கு அரை அடி மேல வாத்து வாலாட்டம் தூக்கிட்டு நிக்கற அந்தத் துண்டு பிளாஸ்டிக். முழு நீள மட்கார்டு போட்டு, டயருக்கும் அதுக்கும் நடுவுல சுத்தி வர ஒரே இடைவெளி இருக்கற மாதிரி கம்பிய சரி பண்ணுங்க, எந்த வண்டியும் ராஜாவாட்டம் தெரியும். உங்க ஷாக் ஃபோர்க்குல முன்னாடி முழுசு மாட்ட வசதி இல்லன்னா, முன் வீலுக்குப் பின்னாடி ஃபிரேம் கம்பில கட்டுற தட்டு ஒண்ணு கிடைக்கும், ஷூ மேலயும் செயின் மேலயும் தெறிக்கறத ஓரளவு அது தாங்கும். கேரியர் தரைக்கு இணையா நிக்கணும், பின்னாடி சரிஞ்ச கேரியர்தான் வண்டிய மூளியாக் காட்டும். லேப்டாப் பைய முதுகுல மாட்டிட்டு வேர்வைல குளிக்கறத விட கேரியர்ல சைடு பேக் போடுங்க.

ஓட்டறதுக்கு முன்னாடி கடைசியா ஒண்ணு, இது உசுரு சமாச்சாரம். முன் வி-பிரேக்கோட கை ரெண்டும் (ரிம்ம ரெண்டு பக்கமும் இருந்து கவ்வுற கைங்க) ஃபோர்க்குக்கு முன்பக்கம் இருக்கான்னு பாருங்க. வீட்ல பிரிச்சு மாட்டற வண்டிகள்ல ஃபோர்க்கயே பின்னாடி திருப்பி மாட்டி ஓட்டிட்டு இருக்கறவங்கள ரோட்டுல நெறய பாக்கறேன், ஹேண்டில் போக்கே மாறிடும், திரும்பும்போது கால் முன்வீல்ல இடிக்கும். முன் பிரேக்க புடிச்சுக்கிட்டு வண்டிய முன்னும் பின்னும் ஆட்டுங்க, ஹேண்டில் கழுத்துல டக் டக்னு ஆட்டம் தெரிஞ்சா அங்க இருக்கற பால்ரேஸ (பேரிங்) டைட் பண்ணச் சொல்லுங்க. எந்த லீவர் எந்த வீலுக்குன்னும் ஒருதடவ பாத்துக்குங்க, எல்லா வண்டிலயும் ஒரே மாதிரி இருக்காது. பெடல் மாத்தறதா இருந்தா இடது பெடல் மட்டும் மரை தலைகீழ், வலுக்கட்டாயமா திருகி கிராங்க கெடுத்துராதீங்க.

தாத்தா வண்டிக்கு வருவோம். அம்பத்தூர்ல 1949-ல டிஐ சைக்கிள்ஸ் ஆரம்பிச்சு முதல்ல போட்ட பேரே ஹெர்குலிஸ்தான், அந்த வண்டியோட அமைப்புல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. சாஞ்ச ஃபோர்க்கு, நம்ம பக்கம் வர்ற ஹேண்டில், ஸ்பிரிங் சீட்டு, செயின் கவர், எல்லாம் நிமிந்து உக்காந்து வேட்டியோட போறவருக்குன்னே யோசிச்சது. தயவுசெஞ்சு அதுல நேர் ஹேண்டில் போட்டு, மேட் கறுப்பு ஸ்ப்ரே அடிச்சு மாடர்ன் ஆக்காதீங்க. துருவத் தேச்சு, எண்ண போட்டு, பழைய பெயிண்ட்ட அப்படியே விடுங்க. மிதிக்கும்போது ரெண்டு கிராங்கும் ஒரே கோட்டுல இல்லாம நொண்டுற மாதிரி இருந்தா கிராங்க அச்சோட பூட்டுற ஆப்பு, அதான் காட்டர் பின், தேஞ்சிருக்கும், இல்ல ரெண்டையும் ஒரே திசைல அடிச்சிருப்பாங்க, எதிரெதிரா அடிக்கணும். முன்னாடி 44 பின்னாடி 18 பல்லுன்னா நிமிஷத்துக்கு 60 சுத்துலயே 20 கி.மீ. வேகம் வரும், சமதளத்துக்கு அருமையான கியர், மேம்பாலத்துல மட்டும் இறங்கித் தள்ளணும்.

ஆனா ஜிஎஸ்டி ரோட்டுக்கு அத எடுக்கவேண்டாம்னுதான் சொல்வேன், காரணம் பிரேக். கம்பி பிரேக்கும் குரோம் பூசுன இரும்பு ரிம்மும் நனைஞ்சா பிடிப்பு பாதிக்கும் கீழ போயிடும், லாரிக்குப் பின்னாடி அது விளையாட்டு இல்ல. உங்க எம்டிபில ரிம் அலுமினியமா இருந்தா மழைலயும் ஓரளவு நிக்கும், அதுவும் இரும்புதானான்னு காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டுச்சுன்னா டயர் மாத்தறதுக்கு முன்னாடி ரிம்மயும் பிரேக் கட்டையயும் சேத்து மாத்திருங்க. தாத்தா வண்டிய நியூ காலனி பக்கம், மார்க்கெட்டு, ஸ்டேஷனுக்கு எடுங்க, கேரியர்ல அரிசி மூட்டயே வச்சாலும் அசராது.

சீட்டும் லீவரும் இந்த ஞாயித்துக்கிழமையே பண்ணிருங்க, சம்பளம் வந்ததும் டயர், அப்புறம் மட்கார்டு. ரெண்டு மூணு வாரம் ஓட்டியும் முட்டி வலி விடலன்னா சைக்கிள நோண்டாம டாக்டரப் பாருங்க.