சின்னப் பொறியியல் காய் ஒன்றுக்கும் ஒரு முழு இடம் வேண்டுமா?

போர்ப் பலகை விளையாட்டில், மூன்று காய் அடுக்கக்கூடிய கட்டத்தில் நாலாவதாக ஒரு பொறியியல் கொம்பனியை (பாலம் போடுகிற மாதிரி வேலைகளுக்கான படைப்பிரிவை) வைக்கலாமா என்று யாழ்ப்பாணத்தில் உங்கள் செட்டுக்குள் வாக்குவாதம் என்கிறீர்கள். அது விளையாட்டைப் பொறுத்தது.

1970இல் வந்த பான்சர்பிளிட்ஸ் என்ற விளையாட்டு காய்களைத்தான் எண்ணும்: ஜெர்மன் பக்கத்துக்கு மூன்று, ரஷ்யப் பக்கத்துக்கு இரண்டு. சின்னக் காய் என்று சலுகை இல்லை. அட்வான்ஸ்ட் ஸ்குவாட் லீடர் என்ற விளையாட்டில் ஆளளவு கணக்கு. கட்டத்துக்கு மூன்று ஸ்குவாட் (சிறு காலாட்படைக் குழு); அரை ஸ்குவாட் என்றால் அரைதான். அதிகாரிகளுக்குத் தனிக் கணக்கு.

காயை எண்ணும் முறையில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பொறியியல் காயின் தாக்கும் எண் பெரும்பாலும் டாங்கிக் காயைவிடக் குறைவு. அதற்கு யார் இடம் கொடுப்பார்கள்? ஆற்றங்கரைக் கட்டத்தில் மூன்று டாங்கிக் காய்களை அடுக்கிவிடுவோம், பாலம் போட வேண்டியவன் பின்னால் மினிபஸ் மிதிபலகையில் தொங்குகிற மாதிரி நிற்பான். சரி, எண்ணிக்கையில் சேர்க்காமல் முற்றிலும் இலவசமாக விட்டால்? எல்லா அடுக்கிலும் ஒன்றைச் செருகிவிடுவார்கள். விதிநூல் வாய் திறக்காவிட்டால், கட்டத்துக்கு ஒன்று மட்டும் இலவசம் என்று வையுங்கள்.

அப்புறம், அடுக்கும் வரம்பு நகர்வின் முடிவில் மட்டுமா, கடந்து போகும்போதுமா என்பதையும் பாருங்கள். முடிவில் மட்டும் என்றால் உங்கள் சண்டையில் பாதி தேவையில்லை.